கரையில் கிடக்கும் பேத்தை

(வங்காலையில் கடற்றொழிலாளர் குடும்பங்கள் கூடியிருந்த மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று காலை கரைக்குப் போயிருந்தேன். வலையில் இருந்து மீன் கழற்றி முடிந்து, ஏலமும் முடிந்து, கூலர் வண்டி புறப்பட்டுவிட்டது. மணலில் ஏழெட்டுப் பேத்தை வயிறு மேலாகக் கிடந்தன. ஒரு நாய் வந்து மணந்து பார்த்தது. உடனே ஒரு சிறுவன் ஓடிவந்து அதைத் துரத்தினான். "ஏன் தம்பி துரத்துகிறாய்?" என்று கேட்டேன். "தின்றால் செத்துப்போகும்" என்றான். "யார் சொன்னது?" என்றேன். "அப்பா" என்றான்.

இன்று நான் பேச வந்தது அந்த அப்பா சொன்ன சொல்லைப் பற்றித்தான். அது எவ்வளவு பெறுமதியான சொல், அது போய்ச் சேராத இடத்தில் என்ன நடக்கிறது, அந்தச் சொல் பிந்திப்போனால் நம் கையில் மிஞ்சுவது என்ன என்பதைச் சொல்லிவிட்டுப் போகவே வந்தேன்.

பேத்தையை நான் உங்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பல், கிளியின் அலகு போல ஒட்டியிருக்கும். சிப்பியை நொறுக்குவதும் அந்தப் பல்தான். உங்கள் தங்கூசி வலையை ஓட்டையாக்குவதும் அந்தப் பல்தான். பிடித்துத் தூக்கினால் காற்றை விழுங்கி உருண்டையாகிவிடும். கடலுக்குள் இருந்தால் தண்ணீரை விழுங்கும். மற்ற மீன்களுக்கு இருக்கும் விலா எலும்பு இதற்கு இல்லை. அதனால்தான் வயிறு அப்படி விரிய இடம் கிடைக்கிறது. சின்ன வயதில் நாங்கள் இதைப் பந்து போல உதைத்து விளையாடினோம். இன்று நினைத்தால் மனம் கூசுகிறது. நாம் கறி வைக்கும் கிளாத்தியும் இதற்குத் தூரத்து உறவுதான். ஆனால் உறவுக்காரர் எல்லோருக்கும் ஒரே குணமா?

இந்த மீனைப் பற்றி நான் வாசித்ததில் என்னை விட்டு நீங்காத ஒரு சம்பவம், 1774ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் பசிபிக் கடலில் நடந்தது. கப்டன் ஜேம்ஸ் குக் தம் கப்பலை நியூ கலிடோனியா என்ற தீவின் கரையில் நிறுத்தியிருந்தார். அத்தீவுக்காரர் ஒருவரிடம் கப்பல் ஆட்கள் புதுவகை மீன் ஒன்றை வாங்கினார்கள். இயற்கை ஆராய்ச்சிக்காகக் கூட வந்திருந்த தந்தையும் மகனுமான ஃபோர்ஸ்டர் இருவரும் அதைப் படம் வரைந்து விவரம் எழுத நேரம் பிடித்ததால், இரவுச் சாப்பாட்டுக்கு ஈரலையும் சினையையும் மட்டும் சமைத்தார்கள். மூவரும் சும்மா ருசிதான் பார்த்தார்கள். விடியப்புறம் மூன்று நான்கு மணிக்குக் கைகால் எல்லாம் விறைத்து, உடம்பில் பலமே இல்லாமல் போயிற்று. தண்ணீர் நிறைந்த பாத்திரமும் ஒரு பறவை இறகும் கையில் ஒரே பாரமாகத் தெரிந்தன என்று குக் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். குடலைத் தின்ற பன்றி காலையில் செத்துக் கிடந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். காலையில் தீவுக்காரர்கள் கப்பலுக்கு வந்தார்கள். தொங்கிக்கொண்டிருந்த மீனைக் கண்டதும், இது தின்னக் கூடாதது என்று உடனே சைகை காட்டினார்கள். அவர்களுக்கு முன்பே தெரியும். ஆனால் முதல் நாள் அந்த மீன் கைமாறியபோது ஒருவரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பதில் இல்லை. மொழி தெரியாமல் இருந்திருக்கலாம். இதைக் கூடத் தெரியாதவர்கள் உலகத்தில் இருப்பார்களா என்று நினைத்திருக்கலாம். இருநூற்றைம்பது வருடம் கழித்தும், பேத்தை தின்று சாகிற இடத்தில் எல்லாம் நான் காண்பது இதே இடைவெளியைத்தான். தெரிந்தவர் ஒரு கரையில் இருக்கிறார், தெரியாதவர் இன்னொரு கரையில் இருக்கிறார்; நடுவில் மீன் மட்டும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இந்த நஞ்சுக்குப் பெயர் டெட்ரோடொக்சின். 1909இல் யப்பானிய விஞ்ஞானி யொஷிசுமி தஹாரா பேத்தையின் சினையில் இருந்து இதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார். டெட்ராஓடொன் என்றால் நான்கு பல். மீனின் பல்லே நஞ்சுக்கும் பெயராகிவிட்டது. இதன் உள் அமைப்பைக் கண்டுபிடிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. 1964இல் கியோட்டோவில் கூடிய வேதியியல் மாநாட்டில், தனித்தனியாக வேலை செய்த யப்பானியக் குழுக்கள் இரண்டும் அமெரிக்காவின் வுட்வார்டும் ஒரே விடையோடு வந்து நின்றார்கள். வளர்ந்த மனிதர் ஒருவரைக் கொல்ல ஏறத்தாழ 2 மில்லிகிராம் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விரல் நுனியை உப்பில் தொட்டெடுத்தால் ஒட்டிக்கொள்ளும் தூள் அளவு அது.

நிறம் இல்லை, மணம் இல்லை, கசப்பு இல்லை. அவித்தாலும் பொரித்தாலும் வெயிலில் காயப்போட்டாலும் போகாது. புளி விட்டாலும் போகாது. தாய்மாரே, இதை மட்டும் மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு எத்தனையோ கிருமியைக் கொல்லும். இந்த நஞ்சுக்கு அடுப்பைக் கண்டு பயம் இல்லை.

உடம்புக்குள் போய் இது என்ன செய்கிறது? கட்டுக்கரைக் குளத்தின் துருசை நினைத்துக்கொள்ளுங்கள். துருசு திறந்தால்தான் வாய்க்காலில் தண்ணீர் ஓடும், வயல் நனையும். நம் நரம்பிலும் அப்படித்தான். நரம்பு நெடுகிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு துருசுகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் வழியாக உள்ளே பாய்வது சோடியம், அதாவது உப்பில் உள்ள அதே சோடியம். ஒரு துருசு திறந்து உப்பு உள்ளே பாய்ந்தால் அடுத்தது திறக்கும், அது அடுத்ததைத் திறக்கும். கையை மடக்கு என்ற மூளையின் கட்டளை கைக்கு வந்துசேர்வது இப்படித்தான். பேத்தையின் நஞ்சு வெளிப்பக்கத்தில் இருந்து வந்து அந்தத் துருசின் வாயில் தக்கை போல அடைத்துக்கொள்கிறது. சோடியம் நுழைகிற இடத்தில் பொருந்திக்கொள்ளும் வடிவம் அதற்கு இருக்கிறது. நரம்பை அது எரிப்பதில்லை, அறுப்பதில்லை. அடைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது. கட்டளை புறப்படுகிறது, வழியில் நின்றுவிடுகிறது. இதை 1964இல் நரஹாஷி என்ற யப்பானியரும் அவருடைய தோழர்களும் அமெரிக்காவில் சிங்கி இறாலின் நரம்பில் அளந்து நிரூபித்தார்கள்.

முதலில் உதடும் நாக்கும் சுள்ளென்று விறைக்கும். சாப்பிட்டுப் பத்து நிமிடத்திலும் தொடங்கலாம், முக்கால் மணி நேரத்திலும் தொடங்கலாம், சிலருக்கு இன்னும் பிந்தும். பிறகு முகம், விரல் நுனி, வாந்தி, தலைச்சுற்று. நடை தள்ளாடும். பேச்சுக் குழறும். கை தூக்க முடியாது. கடைசியாக மூச்சை இழுக்கும் தசைகள் நின்றுவிடும்.

இங்கே நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டிய இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, இதயம். இதயத் தசையில் உள்ள துருசு சற்று வேறு வார்ப்பு; ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதால் நஞ்சு அங்கே எளிதில் ஒட்டுவதில்லை. அதனால் மூச்சு நின்ற பிறகும் இதயம் சிறிது நேரம் அடித்துக்கொண்டே இருக்கும். மற்றது, மூளை. இரத்தத்தில் இருந்து மூளைக்குள் எதை விடுவது, எதை மறிப்பது என்று பார்க்கும் தடுப்பு ஒன்று நமக்கு உண்டு. இந்த நஞ்சு அதைத் தாண்டிப் பெரிதாக உள்ளே போவதில்லை. ஆகவே ஆளுக்கு அறிவு தெளிவாக இருக்கும். கண் திறக்க முடியாது, விரல் அசைக்க முடியாது, வாய் பேச முடியாது. ஆனால் பக்கத்தில் நிற்பவர் அழுவது கேட்கும். "முடிஞ்சுது" என்று யாராவது சொன்னால் அதுவும் கேட்கும்.

அதனால் சொல்கிறேன், கும்பிட்டுச் சொல்கிறேன். பேத்தை தின்றவர் அசையாமல் கிடக்கிறார் என்பதற்காக அவர் போய்விட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். ஆள் உள்ளேதான் இருக்கிறார். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இன்னும் இல்லை. ஆனால் யாராவது அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், தக்கை தானாகக் கழன்று, நஞ்சு சிறுநீரோடு வெளியேறிவிடும். முதல் 24 மணி நேரத்தைத் தாண்டியவர் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறார். அவருடைய நரம்பு ஒன்றும் கெட்டுப்போயிருக்காது.

இவ்வளவு பொல்லாத நஞ்சைச் சுமந்துகொண்டு பேத்தை மட்டும் எப்படி நீந்துகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதன் துருசின் வாய், பரம்பரை பரம்பரையாகச் சிறிது மாறிப்போயிருக்கிறது. தக்கை அங்கே பொருந்துவதில்லை. 2005இல் சிங்கப்பூரில் வெங்கடேஷ் என்ற ஆய்வாளரின் குழு இதன் மரபணுக் காரணத்தை விளக்கி எழுதியது. நஞ்சை அந்த மீன் தானே தயாரிப்பதும் இல்லை. கடலடி மண்ணிலும் சேற்றிலும் மற்ற உயிர்களின் உடலிலும் வாழும் சில பக்டீரியாக்கள் இதை உண்டாக்குகின்றன என்பதே ஆய்வாளர் பெரும்பாலோரின் கருத்து. சிறு உயிரைப் பெரிய உயிர் தின்னத் தின்ன நஞ்சு மேலே ஏறி வருகிறது. யப்பானில் வலைக் கூண்டுகளில் நஞ்சில்லாத தீனி போட்டு வளர்த்த ஆயிரக்கணக்கான பேத்தைகளைச் சோதித்தபோது அவற்றில் நஞ்சு இருக்கவில்லை. நம் ஊர்ச் சேற்றையும் கண்டலையும் நீர்ப்பறவைகளையும் கருதி 2010இல் வங்காலைச் சரணாலயத்தை ராம்சார் ஈரநிலமாக உலகம் ஏற்றுக்கொண்டது. சேறு என்று நாம் காலைக் கழுவிவிட்டுப் போகிற இடத்தில் எத்தனை வகை உயிர் இருக்கிறது என்பதற்கு இந்த நஞ்சின் கதையும் ஒரு சாட்சி.

பேத்தையோடு மட்டும் இது நிற்கவில்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற, நீல வளையம் போட்ட சின்னப் பேய்க்கணவாய் ஒன்று இருக்கிறது. அதன் கடியில் இதே நஞ்சு. கற்பாரில் வாழும், ஓட்டில் கோலம் போட்டது போன்ற சில நண்டுகளில் இதே நஞ்சு. கலிபோர்னியாவின் குளத்தில் வாழும் நியூட் என்ற பல்லி போன்ற உயிரின் தோலில் இதே நஞ்சு. அங்கே ஒரு பாம்பு அந்த நியூட்டையும் தின்று வாழ்கிறது. அதன் துருசும் மாறிவிட்டது. யப்பானில் 1979இல் ஊதுசங்கு தின்றவருக்கு நஞ்சேறியது. தேடிப் பார்த்தால், சங்கு தின்ற நட்சத்திர மீனில் இருந்து அது வந்திருந்தது. 2009இல் நியூசிலாந்தின் ஒக்லாந்து கடற்கரைகளில் நாய்கள் வரிசையாகச் செத்தன. கரையொதுங்கிய கடல் நத்தை வகை ஒன்றை அவை தின்றிருந்தன, அதிலும் டெட்ரோடொக்சின். காலையில் அந்தச் சிறுவன் நாயைத் துரத்தியது சரியான காரியம் என்று நான் சொல்வது இதனால்தான். நாய்க்கு மணந்து தெரியாது. அவனுக்கு அப்பா சொல்லித் தெரிந்தது.

யப்பான்காரர் தின்கிறார்களே என்று இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு. தின்கிறார்கள். அந்த நாட்டிலும் பல நூறு வருடம் தடை இருந்து, 1888இல் ஷிமோனோசெகியில் முதலில் தளர்ந்தது. தோக்கியோவில் 1949இல் இருந்து அனுமதிப் பத்திரம் பெற்ற சமையற்காரர்தான் அதை வெட்டலாம். எந்த வகையில் எந்த உறுப்பு, எந்தக் கடலில் பிடித்தது என்று அட்டவணை வைத்திருக்கிறார்கள். வெட்டி எடுத்த ஈரலையும் சினையையும் தனியாகப் பூட்டி வைத்து அழிக்கிறார்கள். அப்படியான ஊரிலேயே 1975இல் எட்டாம் பண்டோ மிட்சுகோரோ என்ற புகழ்பெற்ற கபுக்கி நடிகர், நாட்டின் கலைச் செல்வம் என்று அரசு மதித்தவர், கியோட்டோ உணவகம் ஒன்றில் ஈரலை நான்கு பங்கு கேட்டு வாங்கித் தின்று இறந்துபோனார். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தக் குடும்பத்து மீனை விற்கவே முடியாது.

"ஈரலும் குடலும் எடுத்துவிட்டால் சதை நல்லதுதானே" என்ற பேச்சும் நம் பக்கம் கேட்கிறது. சில வகையில் சதையில் நஞ்சு குறைவு என்பது உண்மை. ஆனால் நம் கடலில் உள்ள பச்சை முதுகுப் பேத்தை ஒன்றின் சதையே நஞ்சு. லாகோசெபாலஸ் லுனாரிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். அதே சாயலில், அதே பளபளப்பில் சதையில் நஞ்சில்லாத இன்னொரு வகையும் இருக்கிறது. முதுகில் உள்ள பொடி முள் எதுவரை போகிறது என்று தடவிப் பார்த்துத்தான் இரண்டையும் பிரிக்கிறார்கள். தோலை உரித்துவிட்டால் யாருக்கும் பிரிக்கத் தெரியாது. சினைக் காலத்தில் பெண் மீனில் நஞ்சு கூடும். ஒரே வலையில் வந்த இரண்டு மீனில் ஒன்று ஆளைக் கொல்லும், மற்றது கொல்லாது. ஆகவே "நான் ஒருமுறை தின்றேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவருடைய பேச்சு இந்த மீன் விஷயத்தில் சாட்சியாகாது.

அடுத்து பங்களாதேஷ் கதைக்கு வருகிறேன். நம்மைப் போன்ற கடல் நாடு, நம்மைப் போல மீனை நம்பி வாழும் சனம். அங்கே ஆற்றிலும் ஒரு பேத்தை உண்டு, பொட்கா என்பார்கள். உள்நாட்டுக் கிராமத்துச் சனங்கள் அந்தச் சின்ன ஆற்று மீனைத் தின்று பழகியவர்கள். 2008இல் கடல் பேத்தை மலிவாக உள்நாட்டுச் சந்தைகளுக்குப் போயிற்று. வாங்கியவர்களுக்கு அது தாங்கள் அறிந்த பொட்காவின் பெரிய வகையாகத் தெரிந்தது. அந்த வருடம் நடந்த பெரிய நஞ்சேற்றங்களில் வைத்தியசாலைக்கு வந்த 95 பேரில் 14 பேர் இறந்தார்கள் என்று வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கடற்கரையில் இருந்தவருக்குத் தெரிந்தது சந்தைக்காரருக்குத் தெரியவில்லை; சந்தைக்காரர் சொல்லாதது தாய்க்குத் தெரியவில்லை. பசிதான் அந்த மீனை வாங்க வைத்தது. அவர்களை அறியாத சனம் என்று பேசுவது அநியாயம்.

எனக்கு இது ஏட்டுப் படிப்பு மட்டும் அல்ல. வங்காலை எத்தனை முறை எழும்பிப் போய், எத்தனை முறை திரும்பி வந்த ஊர் என்பது இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். நாங்கள் தமிழ்நாட்டில் மண்டபம் முகாமில் அகதியாக இருந்த நாட்களில், பக்கத்து அறையில் வவுனியாப் பக்கத்து வயல்காரக் குடும்பம் ஒன்று இருந்தது. குளத்து மீன் தின்று வளர்ந்தவர்கள். ஒருநாள் அந்த வீட்டுப் பிள்ளை கரையில் வள்ளக்காரர் வீசிவிட்டுப் போன மீனைப் பொறுக்கிக்கொண்டு வந்தது. தாய் தோல் உரித்து, துண்டு போட்டு, சட்டியை அடுப்பில் வைத்துவிட்டார். என் அம்மாச்சி தற்செயலாக அந்தப் பக்கம் போனவர், வாசலில் கிடந்த தோலைக் கண்டார். "என்ன பிள்ளை, இது பேத்தையெல்லோ!" என்று கத்திக்கொண்டே உள்ளே போய், கேளாமல் சட்டியைத் தூக்கி மணலில் கவிழ்த்தார். அந்தத் தாய்க்குக் கோபம். நான்கு நாளுக்குப் பிறகு கிடைத்த மீன் அது. அம்மாச்சி ஒன்றும் பேசாமல் எங்கள் பங்குச் சோற்றையும் பருப்பையும் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று நாங்கள் கஞ்சி குடித்தோம்.

சட்டியைக் கவிழ்ப்பது பெரிய காரியம். ஆனால் அந்தப் பிள்ளை பொறுக்கும் முன்பே அந்த மீன் மணலுக்குள் இருந்திருக்க வேண்டும். ஆகவே உங்களிடம் முதலில் கேட்பது இதுதான். உயிரோடு வலையில் வந்தால் கடலிலேயே விட்டுவிடுங்கள். செத்தது கரைக்கு வந்தால் குழி தோண்டிப் புதையுங்கள். ஊரார் தொடமாட்டார்கள் என்று நினைத்து வீசிவிட்டுப் போகாதீர்கள். கரைக்கு வருகிறவர் எல்லோரும் ஊரார் அல்லர். கூறு போட்டு விற்கும்போது சின்ன மீன் குவியலுக்குள் பேத்தைக் குஞ்சு கலந்திருக்கிறதா என்று ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். ஒடியல் கூழுக்குப் பலவகை மீன் வாங்குகிற வீட்டுக்குப் போவது அந்தக் கூறுதான்.

மன்னார்க் கருவாட்டுக்கு நாடெங்கும் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் கெடாமல் இருக்க வேண்டும். தலை வெட்டி, தோல் உரித்து, உப்பிட்டுக் காய்ந்துவிட்டால் எது என்ன மீன் என்று யாரால் சொல்ல முடியும்? 2014இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் இருவருக்கு நஞ்சேறியது. நியூயோர்க் தெருவில் வாங்கிய காய்ந்த பேத்தை அது. 2007இல் சிக்காகோவில் வேறு மீனின் பெயர் ஒட்டி வந்த பெட்டிக்குள் பேத்தை இருந்து ஆட்கள் நோயுற்றார்கள். 2023 மார்ச்சில் மலேசியாவின் ஜோகூரில் ஒரு முதிய தம்பதி, சந்தையில் வாங்கிய மீனைப் பொரித்துத் தின்று, மனைவி அன்றே இறந்தார். கணவரும் சில நாளில் போய்விட்டார். நம் தீவிலும் பேத்தை தின்று இறந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் சாகத் துணிந்து தின்றவர்கள் அல்லர்.

இந்த நஞ்சினால் மனிதருக்கு நன்மையும் விளைந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் கடலுக்கு நான் நியாயம் செய்தவன் ஆகமாட்டேன். நரம்பில் உள்ள துருசுகளில் எது எது என்று பிரித்தறிய விஞ்ஞானிகள் இந்தத் தக்கையைத்தான் பாவித்தார்கள். இது அடைப்பவை ஒரு வகை, இது அடைக்காதவை இன்னொரு வகை. அடைக்காத வகையில் ஒன்று, வலியைக் கொண்டுபோகும் நரம்புகளில் இருந்தது. அதை மட்டும் பார்த்து மறிக்கும் மாத்திரை ஒன்றுக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் வலியைக் குறைக்க, அபின் வகையைச் சேராத மருந்து அது. டெட்ரோடொக்சினையே மிகமிகச் சிறிய அளவில் புற்றுநோயாளரின் வலிக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனைகளும் பல வருடமாக நடக்கின்றன. நாம் மணலில் வீசும் மீனிடம் உலகம் இவ்வளவு படித்திருக்கிறது.

இனி, நடந்துவிட்டால் என்ன செய்வது? மீன் சாப்பிட்டவர் "உதடு விறைக்குது, நாக்குத் தடிக்குது" என்றால், மற்ற எல்லோரும் உடனே சாப்பாட்டுக் கோப்பையில் இருந்து கையை எடுங்கள். பார்ப்போம், விடிந்ததும் போவோம் என்று படுக்க வைக்காதீர்கள். தேங்காய்ப்பால், உப்புத் தண்ணீர், தேசிக்காய் என்று வாயில் ஊற்றாதீர்கள்; விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு ஊற்றுவது எல்லாம் நெஞ்சுக்குள் இறங்கும். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும். வண்டி கையில் இருந்தால் காத்திருக்காமல் மன்னார் வைத்தியசாலைக்கு ஏற்றுங்கள். போகும்போது மிச்சக் கறியையோ தோலையோ ஒரு பையில் கட்டிக் கொண்டுபோங்கள். வைத்தியரிடம் முதல் சொல்லாகப் பேத்தை என்று சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அவர் வேறு நோயைத் தேடிக்கொண்டிருப்பார். அதே சட்டியில் தின்ற எல்லோரையும் கூட்டிக்கொண்டுபோங்கள், சுகமாக இருந்தாலும்.

வழியில் வாந்தி எடுத்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றால், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். வைத்தியசாலையில் இயந்திரம் செய்யப்போகிற வேலையும் அதுதான். அதுவரைக்கும் உங்கள் நெஞ்சுதான் இயந்திரம். அவரோடு பேசிக்கொண்டே போங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "நாங்கள் இருக்கிறோம், வைத்தியசாலை கிட்டத்தான், பயப்படாதே" என்று சொல்லுங்கள். பதில் வராது. கேட்டுக்கொண்டிருப்பார்.

மூச்சுக் கொடுப்பது கேட்டுப் பழகுகிற காரியம் அல்ல. அதற்காகவே இன்று தாதி ஒருவரை அழைத்து வந்திருக்கிறேன். மேசையில் இருக்கும் பொம்மை அவர் கொண்டுவந்தது. தலையை எப்படிச் சாய்ப்பது, மூக்கை எப்படிப் பிடிப்பது, நெஞ்சு எழும்புகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று அவர் காட்டுவார். காலையில் நாயைத் துரத்திய தம்பி அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறான். அவனுடைய அப்பாவும் வந்திருக்கிறார். முதலில் நீங்கள் இருவரும் முன்னுக்கு வாருங்கள்.